நார்க்கழிவை வைத்துச் சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆந்திராவின் நகரி, புத்தூர் பக்கம் விசைத்தறியும் சாயப்பட்டறையும் உள்ள ஊர்களில் கெமிஸ்ட்ரி படிக்கும் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் தலைப்புக்குப் பஞ்சமில்லை. அங்கே நகரி ஆற்றில் கலப்பது கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்து, சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி ஏரிக்குப் போகிறது. தென்னை நார்க்கழிவைச் சோப்பு போன்ற ஒரு சர்ஃபாக்டன்டில் ஊறவைத்துச் சாயத்தைப் பிடிக்கும் யோசனை நல்லதுதான். சறுக்குவது செய்முறையில்.

முதலில் மின்சுமை. சாதாரணத் தண்ணீரில் நாரின் மேற்பரப்பு எதிர்மின்சுமை கொண்டது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயமும் அப்படியே, அதனால் இரண்டும் ஒட்டாது. சிடிஏபி (CTAB) என்ற நேர்மின் சர்ஃபாக்டன்ட் நாரின் மேல் ஓர் அடுக்காகவும், அதன் மேல் தலைகீழாக இன்னோர் அடுக்காகவும் படிந்தால்தான் வெளிப்பக்கம் நேர்மின்சுமை பெற்றுச் சாயத்தை இழுக்கும். இவ்வளவும் செய்துவிட்டு மெத்திலீன் ப்ளூவில் சோதிக்கிறார்கள்! அது நேர்மின் சாயம். அதற்கு ஒன்றும் செய்யாத வெறும் நாரே தேவலாம்.

தோல் கழிவுநீரிலும் இதே குழப்பம். ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் பதனிடப் பயன்படும் பேசிக் குரோமியம் சல்ஃபேட்டில் இருப்பது நேர்மின்சுமை கொண்ட மூன்றாம் நிலைக் குரோமியம். சிடிஏபி ஏற்றிய நார் பிடிப்பதோ எதிர்மின்சுமை கொண்ட ஆறாம் நிலைக் குரோமேட்டை. போதாததற்கு, அமிலத் தண்ணீரில் நாரே ஆறாம் நிலையை மூன்றாம் நிலையாக மாற்றிவிடும். டைஃபினைல் கார்பசைடு சோதனை ஆறாம் நிலையை மட்டுமே காட்டும். ஊதா நிறம் வரவில்லை என்றதும் குரோமியம் நீங்கியதாக எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அது நிலை மாறித் தண்ணீரிலேயே இருக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 0.05 மி.கி. என்று வரம்பு வைத்திருப்பது மொத்தக் குரோமியத்துக்கு. அளக்க வேண்டியதும் அதைத்தான்.

என் பார்வையில் பெரிய தவறு, சர்ஃபாக்டன்டை அள்ளிப்போடுவது. லிட்டருக்கு ஏறக்குறைய 0.36 கிராமைத் தாண்டினாலே சிடிஏபி தண்ணீருக்குள் தனக்குத்தானே கூட்டம் சேரத் தொடங்கும். சரியாக ஒட்டாதது பிறகு கழன்று வந்து, சாயத்தைத் தண்ணீரிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அப்போது சாயம் ஒளியை உறிஞ்சும் அலைநீளமும் நகர்ந்துவிடலாம். பழைய அலைநீளத்தில் கருவியைப் பார்ப்பவருக்குச் சாயம் குறைந்ததாகத்தான் தெரியும். சிடிஏபி மீன்களுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் நஞ்சு என்பது தனிக் கவலை. கழுவிய நீரில் நுரை வருவது நின்றுவிட்டால் மட்டும் போதாது. சாயமே இல்லாத தண்ணீரில் அந்த நாரைப் போட்டுக் குலுக்கி, வடித்த நீரில் என்ன இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சரியாகக் கழுவாத நார்க்கழிவென்றால் அதிலிருந்து இறங்கும் டானின் என்ற பழுப்புச் சாறும் அங்கேயே தெரிந்துவிடும். வடிதாள் சாயத்தைக் குடிக்கிறதா என்பதையும் கூடவே பாருங்கள், அது குடித்ததும் நாரின் கணக்கில் ஏறிவிடும்.

அப்புறம், வாலைவடித்த நீரில் வந்த முடிவை வைத்துப் பட்டறைக்காரரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். ரியாக்டிவ் சாயத் தொட்டியில் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு இருக்கும், பி.எச். 10–11 ஆகவும் இருக்கும். சாயம் உட்கார வேண்டிய இடங்களுக்கு அந்த உப்பும் போட்டி போடும்.

சதவீதமும் ஏமாற்றும். 50 மி.கி. சாயம் உள்ள ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் நார் போட்டு 98% நீக்கினால், ஒரு கிராம் நார் பிடித்தது 4.9 மி.கி. மட்டுமே. அதே கணக்கில் 10,000 லிட்டர் தொட்டிக்கு 100 கிலோ நார் வேண்டும்.

சாயம் ஏறிய அந்த 100 கிலோவும் ‘இயற்கைப் பொருள்தானே’ என்று தென்னந்தோப்பில் கொட்டத் தக்கதல்ல. மழை பெய்தால் சாயமும் சிடிஏபியும் மண்ணில் இறங்கும். தனியாகச் சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதித்த இடத்தில்தான் ஒப்படைக்க வேண்டும். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் எழுதுங்கள்.