நூலகத்தின் புதிய தேடல் தளம்: சோதிக்கும்போது செய்யக் கூடாதவை

போன மாதம் சிங்கப்பூரின் கிளமெண்டி உணவங்காடியில் ஒரு தம்பி மடிக்கணினியைத் திறந்து எக்செல் தாள் ஒன்றைக் காட்டினார். அவர் வேலை பார்க்கும் பல்கலைக்கழக நூலகத்துக்குப் புதிய தேடல் தளம் வருகிறது. சோதிக்கும் பொறுப்பு அவருக்கும் அவரோடு சேர்ந்த ஒரு பெண்ணுக்கும். "அக்கா, 80 தேடல் போட்டுப் பார்த்தோம். 77 சரியாக வந்துவிட்டது" என்றார். தாள் முழுக்கப் பச்சைக் கட்டங்கள். என் கண் முதல் பத்தியிலேயே நின்றுவிட்டது. முழுத் தலைப்பு, முழு ஆசிரியர் பெயர், நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. பல வருடங்களுக்கு முன்பு நான் தயாரித்த தாளும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது.

அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. எல்லா பிரவுசரிலும் திறக்கிறதா, கைப்பேசியில் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதா என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். தளத்தை விற்கும் வெண்டர் கொடுக்கும் பட்டியலிலேயே அவை இருக்கும்.

விடை தெரிந்த கேள்விகளை நாமே எழுதிக்கொள்வது

எங்கள் நூலகத்தில் ஓபேக் என்ற பழைய கணினி நூற்பட்டியலை எடுத்துவிட்டு, நூல், கட்டுரை, மின்னூல் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தேடித் தரும் டிஸ்கவரி தளத்தைக் கொண்டுவந்தார்கள். தமிழ்த் தொகுப்பைச் சோதிக்கும் வேலை என்னிடம் வந்தது. நான் கேட்டலாக்கர், நூல்களின் விவரங்களைப் பட்டியலில் பதிகிறவள். பதிவைத் திறப்பேன், தலைப்பை நகல் எடுப்பேன், புதிய பெட்டியில் ஒட்டுவேன், முதல் வரியில் வந்ததும் 'சரி' போடுவேன். பதிவில் இருக்கும் எழுத்தை அப்படியே கொடுத்துத் தேடினால் வராமல் எங்கே போகும்? ஆனால் அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. சோதனை முடிந்தது, தளம் சரியாக இருக்கிறது என்று வெண்டருக்குக் கொடுக்கும் ஏற்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டோம்.

ஆகஸ்டில் வகுப்புகள் தொடங்கி இரண்டாவது வாரம், ஆய்வு மாணவி ஒருவர் முகப்புக்கு வந்தார். சிங்கப்பூரின் பழைய தமிழ் இதழ்களைப் பற்றி எழுதுகிறவர். "அக்கா, சிங்கைநேசன் நம்ம லைப்ரரியில இல்லையா?" என்று கேட்டார். 1887இல் இங்கே தொடங்கிய வார இதழ் அது. எங்களிடம் மைக்ரோஃபிலிம் சுருளில் இருந்தது. அவர் தன் போனை நீட்டினார். நாம் பேச்சில் சொல்கிறபடி ஆங்கில எழுத்தில், எஸ் போட்டுத் தொடங்கித் தட்டியிருந்தார். விடை: பூஜ்யம்.

காரணம் இதுதான். தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் பதியும்போது நூலகங்கள் பெரும்பாலும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ஒலிபெயர்ப்பு முறையைப் பின்பற்றுகின்றன. அது ஒலியைப் பார்க்காது, எழுத்தைப் பார்க்கும். சகரம் எங்கே வந்தாலும் சீ என்ற ஆங்கில எழுத்து, ககரம் எங்கே வந்தாலும் கே. ஆகவே 'சிங்கை' அந்த முறையில் சீ-யில் தொடங்கும். நடுவில் ஜி வராது, கே வரும். 'நேசன்' என்பதிலும் எஸ் கிடையாது. ஏகாரத்துக்கு மேலே ஒரு கோடு, னகரத்துக்குக் கீழே ஒரு கோடு. முறை தப்பே இல்லை. ல, ழ, ள மூன்றையும் குழப்பாமல் பிரித்துக் காட்ட அப்படி ஒன்று தேவை. ஆனால் நூலகர்களைத் தவிர உலகத்தில் யாரும் அப்படித் தட்டமாட்டார்கள். 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அவர் பெயரை ஐ-யில் முடிப்பவர்கள் உண்டு, ஒய்-இல் முடிப்பவர்களும் உண்டு. இரண்டு பேருமே எஸ்-இல்தான் தொடங்குவார்கள். தமிழ் நூல் ஒன்றின் தலைப்பில் அதே பெயர் வந்தால், பதிவில் அது சீ-யில் தொடங்கும்.

சரி, தமிழிலேயே தட்டிப் பாருங்கள் என்றேன். 'சிங்கை நேசன்' என்று இடைவெளி விட்டுத் தட்டினார். பதிவில் ஒரே சொல்லாக இருந்தது. மறுபடியும் பூஜ்யம்.

அன்று மாலை அலுவலகம் காலியான பிறகும் நான் அந்தப் பெட்டியின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். 'சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியம்' என்று ஒற்றுப் போட்டுத் தேடினால் ஒரு பட்டியல், ஒற்று இல்லாமல் தேடினால் வேறொரு பட்டியல். 'சிங்கப்பூரில்' என்றால் மூன்றாவது பட்டியல். 'ஔவையார்' இன்னும் மோசம். ஔ என்பது ஓர் எழுத்து. பலர் அதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டுகிறார்கள். திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, கணினிக்கோ இரண்டும் வேறு வேறு சொற்கள். எங்கள் பதிவுகளிலேயே இரண்டு விதமும் இருந்தன.

நா. கோவிந்தசாமி போன்றவர்கள் இணையத்தில் தமிழுக்காக உழைத்த ஊர் இது. 1997இல் தமிழிணைய மாநாடு நடந்ததும் இங்கேதான். அந்த ஊரில் ஒரு மாணவி தமிழில் தட்டிவிட்டு வெற்றுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு வலித்தது.

பூஜ்யம் வந்தாலாவது ஏதோ தவறு என்று தெரியும். விடை வந்துவிட்டால்தான் இன்னும் ஆபத்து. எங்கள் பழைய பதிவுகள் பலவற்றில் ரோமன் எழுத்து மட்டும்தான் உண்டு, ஏனென்றால் அவை உருவான காலத்து மென்பொருளில் தமிழ் எழுத்தைச் சேர்க்க வழியில்லை. பின்னால் வந்த பதிவுகளில்தான், நூலகப் பதிவுகளுக்கான மார்க் வடிவத்தின் 880 என்ற புலத்தில் தமிழ் எழுத்தும் இணையாக இருக்கும். நீங்கள் தமிழில் தேடுகிறீர்கள், நாற்பது நூல் வருகிறது, 'சரி' போட்டுவிடுகிறீர்கள். ரோமன் எழுத்து மட்டும் உள்ள பழைய நூல்கள் அந்த நாற்பதில் இல்லை என்பதை யார் கவனிப்பார்கள்? பழைய நூல்தான் ஆய்வாளருக்கு வேண்டியது. அலமாரியில் இருக்கும், தேடலில் இருக்காது.

ஏற்புக் கடிதம் கொடுத்த பிறகு எதைத் திருத்தச் சொன்னாலும் அது புதிய வேலை, அதற்குத் தனிக் கட்டணம், தனி வரிசை. ஒலிபெயர்ப்பு வேறுபாடுகளைச் சேர்த்து, தளம் தேடிப் பார்க்கும் சொல் அட்டவணையான இண்டெக்ஸை மறுபடி கட்டி முடிப்பதற்குள் அந்தப் பருவமே முடிந்துவிட்டது. அந்த மாணவிக்கு நான் கையால் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். கேட்க வந்தவர் அவர் ஒருவர். இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ.

என்னால் இன்றும் பொறுக்க முடியாதது இதுதான்: மக்கள் எப்படித் தேடுகிறார்கள் என்பது எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. பழைய ஓபேக்கில் ஒவ்வொரு தேடலும் லாக் என்ற பதிவுக் கோப்பில் பதிவாகியிருந்தது, பூஜ்யம் வந்தவை உட்பட. யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பழைய சர்வரை அணைத்தபோது அதுவும் சேர்ந்து அழிந்தது. நாங்கள் உட்கார்ந்து கற்பனை செய்து எழுதிய கேள்விகள் பத்திரமாக இருந்தன. வருடக்கணக்காக மாணவர்கள் உண்மையாகவே கேட்ட கேள்விகள் போய்விட்டன.

ஆகவே முதல் வேலையாக லாகைக் கேட்டு வாங்குங்கள். மாணவர் எண், உள்நுழைவுப் பெயர் எல்லாவற்றையும் நீக்கித் தரச் சொல்லுங்கள். அப்புறம் மூன்று குவியலாகப் பிரியுங்கள்: அடிக்கடி வரும் தேடல்கள், கண்ணை மூடிக்கொண்டு எடுத்த தேடல்கள், பூஜ்யம் வந்த தேடல்கள். மூன்றிலிருந்தும் சமமாக எடுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். மாணவர் தட்டியபடியே தட்டுங்கள். அதில் நீங்கள் எதிர்பார்க்காததெல்லாம் வரும். பாடக் குறியீட்டைத் தட்டுவார்கள், பழைய தேர்வுத்தாள் வேண்டும் என்பதற்காக. கட்டுரையின் அடிக்குறிப்பை ஆசிரியர், ஆண்டு, பக்க எண்ணோடு அப்படியே ஒட்டுவார்கள். நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்றுகூட அந்தப் பெட்டியிடமே கேட்பார்கள். கணினித் துறை மாணவர் சீ பிளஸ் பிளஸ் என்று குறியோடு தட்டுவார். தளம் குறியைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் சீ-யைத் தேடலாம். வைட்டமின் ஏ என்று தேடினால், ஏ-யைப் பொருளற்ற சொல் என்று எண்ணி விட்டுவிட்டு எல்லா வைட்டமினையும் கொட்டும் தளங்களும் உண்டு. இவற்றில் எதுவும் நம் மேசையில் உட்கார்ந்து யோசித்தால் தோன்றாது.

நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்து சோதிப்பது

வளாகத்துக்குள் இருக்கும் கணினியை ஐபி முகவரியை வைத்தே பதிப்பாளரின் தளம் அடையாளம் கண்டு கதவைத் திறந்துவிடும். கட்டுரை உடனே வரும், நாமும் லிங்க் வேலை செய்கிறது என்று எழுதிவிடுவோம். மாணவர் இரவு பதினொரு மணிக்கு வீட்டில் தேடுகிறார், எம்ஆர்டி ரயிலில் போன் டேட்டாவில் தேடுகிறார். அங்கே பிராக்ஸி என்ற நூலகத்தின் இடைவழி சர்வர் வழியாகப் போக வேண்டும், லாகின் கேட்கும், லாகின் முடிந்ததும் அதே கட்டுரைக்கு வராமல் பதிப்பாளரின் முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். வீட்டிலிருந்து சோதியுங்கள். ஊழியர் கணக்கில் லாகின் செய்தும் சோதிக்காதீர்கள். இளங்கலை மாணவரின் உரிமை உள்ள சோதனைக் கணக்கு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

எத்தனை வந்தது என்று எண்ணுவது

நேச்சர் என்ற ஒற்றைச் சொல்லைத் தட்டிப் பாருங்கள். லட்சக்கணக்கில் விடை வரும். 1869 முதல் வந்துகொண்டிருக்கும் அந்த அறிவியல் இதழ் அதில் எத்தனையாவது? முதல் மூன்றுக்குள் இல்லையென்றால் அது தோல்விதான்.

'சரியாக வரவில்லை' என்று மட்டும் எழுதுவது

என்ன தட்டினீர்கள், எங்கிருந்து, லாகின் செய்தா செய்யாமலா, என்ன வந்திருக்க வேண்டும். நான்கும் இல்லாத புகாரை வெண்டர் திருப்பி அனுப்பிவிடுவார்.

வெண்டரின் டெமோவை வைத்து முடிவு செய்வது

கூடாது. அதில் இருப்பது உங்கள் பதிவுகள் அல்ல.

பருவத்தின் 13ஆம் வாரத்தில் தளத்தை மாற்றுவது

வேண்டாம். தேர்வு நெருங்கும் நேரம் அது.

பழையதை அவசரமாக அணைப்பது

ஒரு பருவமாவது இரண்டும் அருகருகே ஓடட்டும். ஒரே தேடலை இரண்டிலும் போட்டு, பழையதில் வந்து புதியதில் வராததைக் குறித்துக்கொள்ளலாம். சர்வர் வாடகை வீண் என்று நிதிப் பிரிவு சொல்லும். முழுத் தளத்தையும் வைத்திருக்க முடியாவிட்டால் லாகையாவது பிரதி எடுத்து வையுங்கள். அதுவும் எத்தனை நாள் நிற்கிறது என்று முதலில் கேளுங்கள்.

நேற்று இரவு அந்தத் தம்பி செய்தி அனுப்பியிருந்தார். அவர்கள் தளத்தில் லாக் 90 நாளுக்கு ஒருமுறை தானாக அழிகிறதாம். நிறுத்தி வைக்கச் சொல்லி ஐடி பிரிவுக்கு எழுதிவிட்டாராம், இன்னும் பதில் வரவில்லையாம். அடுத்து அழியும் நாள் வரும் வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை காலை போன் செய்து கேட்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.