செத்த நோடு திரும்பி வந்தால்? லாக் ரெக்கவரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடை. குடோன் சாவி கணக்குப்பிள்ளையிடம் இருக்கிறது. அவர் போனை எடுக்கவில்லை. முதலாளி பதறிப்போய் மாற்றுச் சாவியை இன்னொருவரிடம் கொடுத்து அனுப்புகிறார். கணக்குப்பிள்ளை ஒரு தூக்கம் போட்டு எழுந்து, தன் சாவியோடு குடோனுக்குள் போய் இருப்பு எழுதுகிறார். ஒரே நோட்டில் இரண்டு கை. பல மெஷின்கள் (நோடுகள்) ஒரே டேட்டாவைப் பகிரும்போது, எதை யார் எப்போது தொடலாம் என்று சாவி, அதாவது லாக், கொடுக்கும் மென்பொருள்தான் டிஸ்ட்ரிபியூட்டட் லாக் மேனேஜர் (டிஎல்எம்). அதில் வரும் ரேஸ் கண்டிஷன், அதாவது இருவர் ஒரே நேரத்தில் ஒன்றைத் தொட்டு வரும் குழப்பம், பெரும்பாலும் இந்தக் கதைதான். ஒரு நோடு விழுந்தபின் லாக் கணக்கைச் சரிசெய்து மற்றவர்களைத் தொடர விடுவதுதான் ரெக்கவரி.

பதில் வராத நோடு செத்துவிட்டது என்று நம்புவதுதான் முதல் தவறு. அது வெறுமனே உறைந்து நின்றிருக்கலாம். அதனால்தான் ஃபென்சிங்: அந்த மெஷினின் மின்சாரத்தையோ, டிஸ்க்குக்குப் போகும் வழியையோ துண்டித்து, அது உறுதியான பிறகே அதன் லாக்குகளை அடுத்தவருக்குத் தர வேண்டும். நானே இதில் மாட்டியிருக்கிறேன். மூன்று மெஷின் வைத்துச் சோதித்தபோது, அவசரத்துக்கு ஃபென்சிங் ஸ்கிரிப்டை எப்போதும் ‘வெற்றி’ என்றே சொல்லும்படி எழுதி வைத்தேன். அப்புறம் அதை மாற்ற மறந்துபோனேன். உறைந்திருந்த மூன்றாவது மெஷின் எழுந்ததும், கையில் வைத்திருந்த பழைய பக்கத்தை டிஸ்க்கில் எழுதிவிட்டது. சிஸ்டத்தின் பதிவுகளில் எந்தப் பிழைச் செய்தியும் இல்லை, டேட்டாதான் கெட்டிருந்தது.

அடுத்தது, வழியில் இருக்கும் செய்திகள். ஒவ்வொரு ரிசோர்ஸுக்கும், அதாவது லாக் போட்டுக் காக்கும் ஒவ்வொரு பொருளுக்கும், ஒரு மாஸ்டர் நோடு உண்டு. லாக் கேட்பதும் விடுவதும் அதனிடம்தான். மாஸ்டர் விழுந்தால் வேறொரு நோடு புது மாஸ்டராகும். விழும் நொடியில் சில கோரிக்கைகள் பதில் வராமல் அந்தரத்தில் நிற்கும். லினக்ஸில் உள்ள டிஎல்எம் இதை நிதானமாகக் கையாள்கிறது: லாக் கேட்ட கோரிக்கை புது மாஸ்டரிடம் மறுபடி போகும், விடுவிக்கச் சொன்ன கோரிக்கை முடிந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும், விடப்போகும் லாக்கைப் புது மாஸ்டரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? ரெக்கவரி நடக்கும்போது வந்து சேரும் சாதாரணச் செய்திகள் ஒரு வரிசையில் காத்திருக்கும். போய்விட்ட நோடு அனுப்பியவை குப்பைக்கு. ஒவ்வொரு ரெக்கவரிக்கும் ஒரு வரிசை எண் இருப்பதால், போன சுற்றின் பதில் இந்தச் சுற்றில் வந்து குழப்பாது. சொந்தமாக லாக் சர்வீஸ் எழுதுபவர்கள் பலர் விட்டுவிடுவது இந்த எண்ணைத்தான்.

அவசரமாக லாக் கொடுப்பதும் தவறு. புது மாஸ்டரின் பட்டியல் முதலில் காலி. மிச்சமிருக்கும் நோடுகள் ஒவ்வொன்றும் ‘என்னிடம் இது இருக்கிறது’ என்று சொல்லித்தான் அது நிரம்பும். ‘அ’ சொல்லிவிட்டது, ‘ஆ’ இன்னும் சொல்லவில்லை என்று வையுங்கள். அதற்குள் ‘அ’ எக்ஸ்குளூசிவ் லாக் (வேறு யாரும் தொட முடியாத லாக்) கேட்டு மாஸ்டரும் கொடுத்துவிட்டால், ‘ஆ’ வைத்திருக்கும் படிக்கும் லாக்கோடு மோதும். எல்லாரும் ஒரு படியை முடிக்கும்வரை யாரும் அடுத்த படிக்குப் போகக்கூடாது. இது மெதுவாக இருக்கிறது என்று சுருக்கப் பார்ப்பார்கள். விட்டுவிடுங்கள்.

ரெக்கவரி நடுவிலேயே இன்னொரு நோடும் விழும், விழாது என்று நம்பி புரோகிராம் எழுதாதீர்கள். பாதியில் நிறுத்தி முதலிலிருந்து தொடங்கினாலும் பட்டியல் கெடாதபடி ஒவ்வொரு படியும் இருக்க வேண்டும்.

லாக்கோடு ஒட்டியிருக்கும் வேல்யூ பிளாக்கையும் (நோடுகள் பகிர்ந்துகொள்ளும் ஒரு சிறு மதிப்பு) அப்படியே நம்பக்கூடாது. எழுதும் லாக் வைத்திருந்த நோடு விழுந்தால், அந்த மதிப்பு செல்லாது என்று ஒரு கொடி வரும். அதைப் பார்க்காத புரோகிராம்கள் ஏராளம். ஜிஎஃப்எஸ்2 போன்ற, பல நோடுகள் ஒரே டிஸ்க்கைப் பகிரும் ஃபைல் சிஸ்டத்தில் லாக் கிடைத்தது மட்டும் போதாது. விழுந்த நோடின் ஜர்னலை (செய்த மாற்றங்களின் குறிப்பேடு) ஓட்டி முடித்த பிறகே அந்தப் பக்கங்களைத் தொட வேண்டும்.

சோதிப்பவர்கள் பொதுவாக நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பதோடு சரி. எக்ஸ்குளூசிவ் லாக் வைத்திருக்கும் மெஷினை ஒரு நிமிடம் உறைய வைத்து, மற்றவை ரெக்கவரியை முடித்த பிறகு எழுப்பி விடுங்கள். அது டிஸ்க்கில் எழுதுகிறதா என்று பாருங்கள்.