ஸ்கிப்டனில் காட்டேஜ் எடுத்துத் தங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் இருக்கும் ஸ்கிப்டன் சந்தையால் வளர்ந்த ஊர். 1204-இல் ஜான் மன்னர் சந்தை நடத்த உரிமை கொடுத்தார். இன்றைக்கும் ஹை ஸ்ட்ரீட்டின் கல் பாவிய ஓரங்களில் திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகிய நாட்களில் கடை போடுகிறார்கள். சமையலறையோடு ஒரு கல் வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்க வருகிறவர்கள் இந்தக் கிழமைக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. தங்கள் லீவை மட்டும் பார்த்துப் பதிவு செய்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், பெரிய தவறு இதுதான்.

வார நடுவில் வாடகை குறைவு என்று பலரும் எடுப்பது திங்கள் முதல் வெள்ளி வரை. அதைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். சாவி கிடைப்பது பெரும்பாலும் மாலை 4 மணிக்கு, அதற்குள் திங்கள் சந்தையில் கடைகளை எடுத்துக்கொண்டிருப்பார்கள். செவ்வாய் சந்தை இல்லை, வியாழனும் இல்லை. வெள்ளிக் காலை 10 மணிக்கு வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆக, நான்கு இரவு தங்கியும் நிதானமாகச் சந்தைக்குப் போய் வந்து சமைக்க மிஞ்சுவது புதன் ஒன்றுதான். வெள்ளி முதல் திங்கள் வரை எடுத்தால் சனிக்கிழமை முழுதாகக் கையில் இருக்கும். வெள்ளியன்றும் மதியத்துக்கு முன்பே வந்துவிட்டால், சாவி வாங்குவதற்குள் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம்.

அடுத்தது, ஒரு வாரத்துக்கான மளிகையைப் பெரிய சூப்பர்மார்க்கெட்டில் வாங்கி காரில் அடைத்துக்கொண்டு வருவது. இந்த வீடுகளில் பலவற்றில் மேடைக்கு அடியில் இடுப்பளவு ஃபிரிட்ஜ்தான் இருக்கும், அத்தனையும் அதில் அடங்காது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். வென்ஸ்லிடேல் சீஸ் வடக்கே அதே பெயருள்ள பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது, ஊர்க் கசாப்புக் கடைகளின் போர்க் பை (பன்றி இறைச்சி அடைத்துச் சுட்ட பண்டம்) பேர் போனது. இவற்றை விட்டுவிட்டு, எங்கும் கிடைக்கும் பிளாஸ்டிக் பொட்டலத்தை இவ்வளவு தூரம் சுமந்து வருவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. முதல் இரவுக்கும் மறுநாள் காலைக்கும் வேண்டியதை மட்டும் கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமையை நம்பி எதையும் தள்ளிப் போடாதீர்கள். இங்கிலாந்தில் பெரிய கடைகள் அன்று ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கலாம் என்று 1994-இலிருந்தே சட்டம் இருக்கிறது.

நம் சமையல் சமைப்பவர்கள் முன்கூட்டியே கேட்க வேண்டியது அடுப்பைப் பற்றி. இண்டக்‌ஷன் அடுப்பாக இருந்தால் வீட்டிலிருந்து கொண்டுபோகும் அலுமினிய குக்கர் அதில் சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் வேண்டும். அப்புறம், தாளிப்புப் புகைக்கு ஸ்மோக் அலாரம் கத்தும். கத்துகிறதே என்று பேட்டரியைக் கழற்றவோ துணி போட்டு மூடவோ கூடாது. பழைய மர உத்தரங்கள் தாங்கும் வீடு, சுவரை ஒட்டியே பக்கத்து வீடு. எண்ணெயை வைப்பதற்கு முன்பே ஜன்னலைத் திறந்து, புகைபோக்கி விசிறியைப் போட்டுவிடுங்கள்.

படத்தில் பூந்தொட்டியோடு அழகாகத் தெரியும் வீட்டுக்குள் செங்குத்தான குறுகல் படிக்கட்டு இருக்கலாம். படுக்கை மாடியில், குளியலறை கீழே சமையலறைக்குப் பின்னால் என்று அமைந்த வீடுகளும் உண்டு. மூட்டுவலி உள்ள அம்மா அப்பாவை அழைத்துப் போகிறீர்கள் என்றால், ராத்திரி எத்தனை முறை இறங்கி ஏற வேண்டியிருக்கும் என்று யோசியுங்கள். படத்தை வைத்து முடிவு செய்யாமல், கழிப்பறை எந்தத் தளத்தில், படியில் கைப்பிடி இருக்கிறதா என்று உரிமையாளரிடமே கேட்டுவிடுங்கள்.

கார் நிறுத்தும் இடத்தையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். ஊர் நடுவில் உள்ள பழைய வீடுகளுக்குப் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. சந்தை நாளில் ஹை ஸ்ட்ரீட் ஓரத்தைக் கடைகள் பிடித்துக்கொள்ளும், கட்டண நிறுத்துமிடங்களும் சீக்கிரம் நிரம்பும். ஊருக்குள் தங்குகிறவர்களுக்குக் கார் அவசியமே இல்லை என்பேன். லீட்ஸிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்தான். கோட்டை, கால்வாய்க் கரை, சந்தை எல்லாம் நடை தூரம்.

வெளியே போகும் நாளில் மட்டும் திரும்பும் வண்டியை முதலில் பாருங்கள். 24 வளைவுகள் கொண்ட ரிபிள்ஹெட் ரயில் பாலத்தைப் பார்க்க ஸ்கிப்டனிலிருந்தே ரயில் ஏறலாம், ஆனால் நாளைக்குச் சில வண்டிகள்தான். ஒன்றை விட்டால் காற்றடிக்கும் அந்த வெட்டவெளியில் வெகுநேரம் நிற்க வேண்டும். மாலம் கோவ் என்ற செங்குத்தான சுண்ணாம்புப் பாறைக்குப் போகும் பஸ்ஸும் அப்படித்தான். களைத்துத் திரும்பி பப்பில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றால், பல இடங்களில் இரவு 9 மணிக்கு முன்பே சமையலறையை மூடிவிடுவார்கள். அந்த ராத்திரிக்கு ஒரு சூப்போ மாவோ வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.