கன்ட்ரி கிட்டார் பழக ஆரம்பிக்கிறவங்களுக்கு: சத்தம் வலது கைல இருக்கு

ராக் வாசிச்சுட்டு கன்ட்ரி மியூசிக் பக்கம் வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது "எந்த பெடல் வாங்கணும்?". பெடல் பத்தி கடைசில சொல்றேன். கோழி கொக்கரிக்கிற மாதிரி டிக்கு டிக்குனு தெறிக்கிற அந்த சத்தம் இருக்கே, சிக்கன் பிக்கிங்னு சொல்வாங்க, அது வலது கை நடுவிரல்ல இருந்து வருது, அந்த விரல் பழகலன்னா எவ்ளோ காஸ்ட்லியான ஆம்ப் வெச்சாலும் வராது.

கார்ட்ஸ், பார் கார்ட், டியூனிங் எல்லாம் உங்களுக்குத் தெரியும்னு வெச்சுக்கிறேன். மெல்லிசா இருக்குறது 1வது ஸ்ட்ரிங், தடியா இருக்குறது 6வது, கீழ அப்படித்தான் சொல்லப்போறேன்.

கிட்டார், ஸ்ட்ரிங்

டெலிகாஸ்டர் இருந்தா நல்லது. ஃபெண்டர் கம்பெனி 1950ல ப்ராட்காஸ்டர்னு விட்டு, அந்தப் பேர்ல பிரச்சனை வந்ததால 1951ல டெலிகாஸ்டர்னு மாத்தினாங்க. பிரிட்ஜ் பக்கத்துல சாய்வா, ஒரு இரும்புத் தகட்டுல உக்காந்திருக்கும் பாருங்க ஒரு பிக்கப், கன்ட்ரியோட கூர்மையான சத்தம் அதுலருந்துதான். 60கள்ல கலிஃபோர்னியா பேக்கர்ஸ்ஃபீல்ட்ல பக் ஓவன்ஸ், டான் ரிச், மெர்ல் ஹேகர்ட் கூட வாசிச்ச ராய் நிக்கல்ஸ் இவங்கல்லாம் டெலிகாஸ்டரை ஏன் பிடிச்சுக்கிட்டாங்கன்னா, ஆட்டம் பாட்டம்னு இரைச்சலா இருக்குற பார்ல டிரம்ஸையும் கூட்டத்தையும் தாண்டி அந்த சத்தம் வெட்டிக்கிட்டு வரும். டெலி இல்லன்னா ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) போதும், பிரிட்ஜ் பிக்கப் போட்டுக்கோங்க. ஹம்பக்கர் (ரெண்டு காயில் இருக்குற பிக்கப்) கிட்டார்ல பழகலாம், ஆனா அந்தக் கூர்மை கம்மியாத்தான் இருக்கும்.

ஸ்ட்ரிங் 9-42 செட், மெல்லிசானது. பெண்ட் (ஸ்ட்ரிங்கைத் தள்ளி ஸ்வரத்தை ஏத்துறது) நிறைய வரும், ஆரம்பத்துல 11 செட்டைப் போட்டு விரலைப் புண்ணாக்கிக்காதீங்க. கிட்டாரிஸ்ட் ஜேம்ஸ் பர்டன் 50கள்லயே மெல்லிசா வேணும்னு பேஞ்ஜோ ஸ்ட்ரிங்கை எடுத்து கிட்டார்ல மாட்டினவரு.

ஹைப்ரிட் பிக்கிங்

பிக்கை எப்பவும் போல கட்டைவிரல், ஆள்காட்டி விரல்ல பிடிங்க. நடுவிரலும் மோதிர விரலும் சும்மா இருக்குல்ல, அதுங்களுக்கும் வேலை குடுக்கணும். 3வது ஸ்ட்ரிங்கை பிக், 2வதை நடுவிரல், 1வதை மோதிர விரல். ஒரு ஏ கார்ட் பிடிச்சுக்கிட்டு இந்த மூணையும் ஒண்ணொண்ணா, அப்புறம் மூணையும் ஒரே நேரத்துல வாசிங்க. மூணும் ஒரே சத்தத்துல வரணும், ஆரம்பத்துல மோதிர விரல் சொங்கியாத்தான் இருக்கும், விடாம பண்ணுங்க.

அந்த "டிக்" எங்க இருக்கு

இதுதான் என்னையும் ரொம்ப நாள் நிறுத்தி வெச்ச இடம், அதனால மெதுவா படிங்க.

3வது ஸ்ட்ரிங் 6வது ஃப்ரெட்டை அழுத்திப் பிடிங்க. இப்ப வலது கை நடுவிரல் நுனியை அதே ஸ்ட்ரிங் மேல முதல்லயே வெச்சிடுங்க, இழுக்க வேண்டாம், சும்மா தொட்டுக்கிட்டு இருக்கட்டும். அப்படியே பிக்கால அதே ஸ்ட்ரிங்கை அடிங்க. விரல் தொட்டுக்கிட்டு இருக்கறதால ஸ்வரம் வராது, "டிக்"னு ஒரு கட்டை சத்தம்தான் வரும். உடனே அந்த நடுவிரலால ஸ்ட்ரிங்கைக் கொஞ்சம் வெளிய தூக்கி விட்டுடுங்க, ஸ்ட்ரிங் ஃப்ரெட்ல போய் அறைஞ்சு "டாங்"னு தெறிக்கும். டிக்-டாங், டிக்-டாங். ரெண்டும் ஒரே ஸ்ட்ரிங், ஒரே ஃப்ரெட், இடது கை அசையவே கூடாது.

நிறைய பேர் இதைப் பண்ணும்போது விரலை ரொம்ப உள்ள விட்டுக் கொக்கி மாதிரி போட்டு இழுக்குறாங்க, அப்படி பண்ணா வேகம் வராது. நகமும் சதையும் சேர்ற இடம் மட்டும் ஸ்ட்ரிங்ல பட்டா போதும். வாசிக்கிற இடம் பிரிட்ஜ் பக்கமா இருக்கட்டும், அங்க ஸ்ட்ரிங் விறைப்பா இருக்கும், தெறிப்பு நல்லா வரும்.

இடது கையால மியூட் பண்ற வழியும் இருக்கு, அழுத்தாம லேசா விரலை வெச்சுக்கிட்டு பிக் அடிக்கிறது. அதுல 5, 7, 12வது ஃப்ரெட்ல ஒரு விரல் மட்டும் வெச்சா மணி அடிக்கிற மாதிரி ஹார்மோனிக் கிளம்பிடும், "நான் சரியாத்தானே பண்றேன், ஏன் கிணிங்னு வருது"ன்னு குழம்பிடுவீங்க. ரெண்டு விரலைச் சேர்த்து வெச்சா அது நின்னுடும்.

மெட்ரோனோம் 60ல வெச்சு ஒரு பீட்டுக்கு ஒரு டிக்-டாங். "டிக்"ல ஸ்வரம் துளி கூட கசியலன்னாதான் வேகத்தைக் கூட்டணும். இந்த விஷயத்துல நான் கொஞ்சம் கண்டிப்பு, ஏன்னா ஸ்வரத்துக்கு நடுவுல வர்ற அந்த வெட்டுதான் கன்ட்ரி, அது கலங்கிப்போனா வெறும் வேகம்தான் மிஞ்சும்.

ஸ்கேல்

மேஜர் பென்டடோனிக். மோகன ராகம் தெரிஞ்சவங்களுக்கு இதே அஞ்சு ஸ்வரம்தான், புதுசா ஒண்ணும் இல்ல. கூட சாதாரண காந்தாரத்தைத் தொட்டுட்டு அந்தர காந்தாரத்துக்கு ஏறினா உடனே கன்ட்ரி வாசனை வந்துடும். ஏ கீல இப்படி: 3வது ஸ்ட்ரிங் 5வது ஃப்ரெட்டை பிக்கால அடிச்சு 6க்கு ஹேமர்-ஆன் (திரும்ப அடிக்காம இடது கை விரலைத் தட்டி வெக்கிறது), அடுத்து 2வது ஸ்ட்ரிங் 5 நடுவிரலால, அடுத்து 1வது ஸ்ட்ரிங் 5 மோதிர விரலால. இது ஒண்ணை மட்டும் திரும்பத் திரும்ப வாசிங்க.

பெடல் ஸ்டீல் பெண்ட்

பெடல் ஸ்டீல்னா காலால பெடலை மிதிச்சு ஸ்வரத்தை ஏத்துற ஒரு கன்ட்ரி வாத்தியம், அந்தச் சத்தத்தை கிட்டார்ல கொண்டு வர்ற பெண்ட் இது. டி கீ. 1வது ஸ்ட்ரிங் 10ல சுண்டு விரல், 2வது ஸ்ட்ரிங் 10ல மோதிர விரல், 3வது ஸ்ட்ரிங் 9ல நடுவிரல், ஆள்காட்டி விரல் 8ல பின்னாடி முட்டுக் குடுக்கட்டும். மூணையும் சேர்த்து வாசிச்சுட்டு 3வது ஸ்ட்ரிங்கை மட்டும் மேல, 4வது ஸ்ட்ரிங் பக்கமா தள்ளி ஒரு முழு ஸ்வரம் (ரெண்டு ஃப்ரெட் அளவு) ஏத்துங்க. சரியா ஏறினா டி மேஜர் கார்ட் முழுசா மலரும். மத்த ரெண்டு ஸ்ட்ரிங்கும் கொஞ்சம் கூட நகரக் கூடாது, கஷ்டமே அதுலதான். பெண்ட் சரியான ஸ்வரத்துல போய் நிக்குதான்னு 11வது ஃப்ரெட்டை வாசிச்சு காதுல சரிபாருங்க. கிட்டாரிஸ்ட் க்ளாரன்ஸ் வைட்டும் டிரம்மர் ஜீன் பார்சன்ஸும் இந்த மாதிரி பெண்டுக்காகவே கிட்டாருக்குள்ள ஒரு மெஷின் வெச்சாங்க, கிட்டார் கழுத்தைக் கீழ அமுக்கினா பெல்ட் இழுத்து 2வது ஸ்ட்ரிங் ஏறும், பி-பெண்டர்னு தேடிப் பாருங்க, அவ்ளோ அழகான ஐடியா.

டோன், பெடல்

ஆம்ப் க்ளீன். ட்வின் ரிவெர்ப், டீலக்ஸ் ரிவெர்ப் மாதிரி ஃபெண்டர் சத்தம், மல்டி எஃபெக்ட்ஸ் இருந்தா அதுல அந்த மாடலை எடுங்க. கெயின் கம்மி, ட்ரெபிள் காதைக் குத்தினா ஆம்ப்ல கை வைக்காம கிட்டார்ல இருக்குற டோன் நாபை 7, 8க்கு இறக்குங்க.

டிலே ஸ்லாப்பேக்: 100ல இருந்து 120 மில்லி செகண்ட், ஒரே ஒரு ரிப்பீட், மிக்ஸ் கம்மி. மெம்ஃபிஸ்ல சன் ஸ்டூடியோ சாம் ஃபிலிப்ஸ் 50கள்ல ரெண்டு டேப் மெஷினை வெச்சு எடுத்த எக்கோ இது. கம்ப்ரெஸர்னா எனக்கு டைனா காம்ப்தான், ரெண்டே நாப், குழப்பம் இல்ல. சென்ஸிட்டிவிட்டியைப் பாதிக்குக் கீழ வைங்க. செயின்ல கம்ப்ரெஸர் முதல்ல, டிலே கடைசில. ஆனா மேல சொன்ன டிக்-டாங் கம்ப்ரெஸர் இல்லாமலே நல்லா வந்த பிறகுதான் அதை ஆன் பண்ணணும், இல்லன்னா சத்தமா அடிச்சதையும் மெதுவா அடிச்சதையும் அது ஒண்ணாக்கிடும், உங்க விரல் எங்க தப்புதுன்னே தெரியாது.

அப்டேட்: கமென்ட்ல வந்தது

ஸ்ட்ராட்ல அந்த டி கீ பெண்ட் பண்ணா மத்த ரெண்டு ஸ்ட்ரிங்கும் சுருதி இறங்குதுன்னு சில பேர் கேட்டிருந்தாங்க. உங்க விரல்ல தப்பு இல்ல. ஸ்ட்ராட் பிரிட்ஜ் ஸ்பிரிங்ல மிதந்துக்கிட்டு இருக்கும், ஒரு ஸ்ட்ரிங்கை இழுத்தா பிரிட்ஜே முன்னாடி சாயும், மத்ததெல்லாம் லூஸாயிடும். பின்பக்க ப்ளேட்டைக் கழட்டி, ஸ்பிரிங் மாட்டியிருக்குற ரெண்டு ஸ்க்ரூவையும் சமமா, கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணுங்க, பிரிட்ஜ் பாடியோட ஒட்டி உக்காரணும். பத்தலன்னா இன்னொரு ஸ்பிரிங் சேருங்க. முடிச்சுட்டு திரும்ப டியூன் பண்ணுங்க, ஸ்ட்ரிங் உயரத்தையும் ஒரு தடவை பார்த்துக்கோங்க.

இன்னொருத்தருக்கு மல்டி எஃபெக்ட்ஸ்ல "டிக்" வரவே இல்ல. நாய்ஸ் கேட் ஆன்ல இருந்திருக்கு, அந்தச் சின்ன சத்தத்தை அது முழுங்கிடும். ஆஃப் பண்ணிட்டுப் பழகுங்க, சிங்கிள் காயில் பிக்கப் ம்ம்னு கொஞ்சம் உறுமும், கிட்டாரோட லேசா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பி உக்காந்தாலே அது நல்லா குறையும்.