சப்பாத்தி பிசைந்த கையும் பாஸ்தா மாவும்

காட்பாடி காந்தி நகரில் ஒரு மாடி வீடு, ஞாயிற்றுக்கிழமை காலை, கையால் பாஸ்தா செய்யும் வகுப்பு. ஆறு பேர் போயிருந்தோம். மாவு பிசைவது நமக்கென்ன புதுசா என்ற தெம்பு எல்லோருக்கும் இருந்தது. முதல் ஒரு மணி நேரத்தைக் கெடுத்ததே அந்தத் தெம்புதான். மாவையே தொடாதவர் செய்யும் தவறு வேறு, வருஷக்கணக்கில் சப்பாத்தி போட்ட கை செய்யும் தவறு வேறு. இங்கே சொல்வது இரண்டாவது ரகம்.

பெரிய தவறு தண்ணீரில்தான். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பது இத்தாலியில் போலோன்யா நகரத்துப் பக்கத்துக் கணக்கு. அந்தக் கணக்கில் முட்டை 60 கிராமைத் தொடும். நம் தெருக்கடையில் கிடைக்கும் நாமக்கல் முட்டை பெரும்பாலும் ஓட்டோடு 50 கிராம் சொச்சம்தான். ஓட்டைக் கழித்தால் 45 தேறும். அதனால் 200 கிராம் மைதாவில் இரண்டு முட்டை உடைத்து ஊற்றினால் மாவு உதிர் உதிராக நிற்கும். உடனே கை தானாகத் தண்ணீர்ச் சொம்பைத் தேடும். நானும் தெளித்தேன். ஒரு தெளி, இன்னொரு தெளி. இரண்டே நிமிஷத்தில் மாவு தொளதொளத்துப் போனது. வகுப்பெடுத்த அக்கா ஒரு விரலால் குத்திப் பார்த்துவிட்டு, "பரோட்டா கடைக்கு அனுப்பிடலாம்மா, வீசிடுவாங்க" என்றார்.

தண்ணீருக்குப் பதில் இன்னொரு மஞ்சள் கருவைச் சேர்ப்பதுதான் சரி. அப்போதும் மாவு பூரி மாவைவிடக் கெட்டியாகவே இருக்கும். முதல் ஐந்து நிமிஷம் இது சேரவே சேராது என்று தோன்றும். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தள்ளி, மடித்து, திருப்பித் தள்ளிக்கொண்டே இருந்தால் பத்தாவது நிமிஷம் காது மடல் மாதிரி வழவழப்பாகிவிடும். பிசுபிசுப்பைப் போக்க எண்ணெய் தடவும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள்.

மைதாவா என்று முகம் சுளிக்க வேண்டாம். இத்தாலியில் முட்டை பாஸ்தாவுக்கு எடுக்கும் '00' மாவும் தவிடு நீக்கி நைஸாக அரைத்த வெள்ளை மாவுதான். முட்டையே இல்லாமல் வெறும் தண்ணீரில் பிசைவது தெற்கே, பூல்யா பக்கத்துப் பழக்கம். அதற்கு டூரம் என்ற கடினக் கோதுமையின் ரவை வேண்டும். உப்புமா ரவையை அப்படியே போட்டவருக்கு மாவு மணல் மணலாக நின்றது. டூரம் ரவையே கிடைத்தாலும் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுச் சலித்துக்கொள்ளுங்கள். 100 கிராமுக்கு ஏறக்குறைய 50 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

அடுத்தது அவசரம். பிசைந்த சூட்டோடு தேய்த்தால் மாவு ரப்பர் மாதிரி சுருங்கித் திரும்பி வரும். அரை மணி நேரம் மூடி வைத்தால் அந்த விறைப்பு தளரும். ஆனால் வேலூர் வெயிலில், தலைக்கு மேல் ஃபேன் சுற்ற, தட்டைக் கவிழ்த்து மூடுவது மூடுவதாகாது. மேலே தோல் கட்டும். அந்தத் தோல் தேய்க்கும்போது வெடித்து, வெந்த பிறகும் பல்லில் தட்டுப்படும். பாலிதீன் தாளில் இறுக்கிச் சுற்றுங்கள், தேய்க்கும்போது ஃபேனை நிறுத்துங்கள். வியர்க்கும், வேறு வழியில்லை.

தேய்ப்பதில் எல்லோருமே ஒரே இடத்தில் தப்பு செய்தோம்: சப்பாத்தி கனத்தில் நிறுத்திவிட்டோம். பாஸ்தா வெந்தால் ஊதும். தேய்த்ததை செய்தித்தாள் மேல் விரித்தால் தலைப்பு எழுத்துகள் மங்கலாகவாவது தெரிய வேண்டும். போலோன்யா பெண்கள் உருட்டும் கட்டை முக்கால் மீட்டருக்கு மேல் நீளம். நம் கட்டை ஒரு அடி. ஆகவே மாவை நாலாகப் பிரித்துக்கொண்டு தேய்ப்பதே புத்திசாலித்தனம். அகலத்திலும் அவர்களுக்குப் பிடிவாதம் உண்டு. நாடா மாதிரி நீளமாக வெட்டும் தாலியாதெல்லே பாஸ்தா வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று தங்கத்தில் ஒரு மாதிரி செய்து, 1972இல் போலோன்யா வர்த்தக சபையில் பதிவே செய்துவைத்திருக்கிறார்கள். நான் வெட்டியதில் சில ரிப்பன் அகலத்துக்கு இருந்தன. ருசியில் ஒன்றும் குறையவில்லை, ஒன்று வேகும்போது இன்னொன்று குழைந்ததுதான் தொல்லை.

வெட்டியது ஒட்டாமலிருக்க மைதாவை வாரித் தூவாதீர்கள், கொதிநீரில் அது பசையாகிவிடும். ரவையைத் தூவுங்கள், உதறினால் உதிர்ந்துவிடும்.

வடிவங்களில் யாரும் எதிர்பார்க்காத ஒருவர் ஜெயித்தார். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் குல்குல் உருட்டிப் பழகிய தோட்டப்பாளையத்து அம்மா ஒருவர், ஃபோர்க்கின் முதுகில் மாவுத்துண்டை அழுத்திச் சுருட்டுவதை அக்கா காட்டி முடிப்பதற்குள் பத்து செய்து வைத்துவிட்டார். அவருக்கும் ஒரே ஒரு தவறு நேர்ந்தது, மாவுத்துண்டுகளைக் குல்குல் அளவுக்கே பெரிதாகக் கிள்ளிவிட்டார். பாதி போதும்.

வேகவைக்கும்போது சேமியா புத்தி வேலை செய்யும். கொஞ்சம் தண்ணீர், ஒரு ஸ்பூன் எண்ணெய், வெந்ததும் பச்சைத் தண்ணீரில் அலசல். மூன்றும் வேண்டாம். 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. 'கடல் தண்ணீர் மாதிரி உப்பு' என்று பலர் சொல்வதை நம்பிவிடாதீர்கள், கடலில் லிட்டருக்கு 35 கிராம். எண்ணெய் மேலே மிதக்கும், ஒட்டுவதைத் தடுக்காது. போட்டவுடன் கிளறிவிடுவதுதான் தடுக்கும். மெல்லிய முட்டை பாஸ்தா இரண்டு மூன்று நிமிஷத்தில் வெந்துவிடும். குக்கர் விசில் கணக்கில் பழகிய நமக்கு அதை நம்பக் கஷ்டம்தான். ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிடுங்கள்.

அலசினால் மேலே இருக்கும் மாவுச்சத்து போய்விடும், சாஸ் வழுக்கிக்கொண்டு தட்டில் தேங்கும். வடிக்கிற நீரிலும் அதே சத்துதான் இருக்கிறது. சோறு வடித்த கஞ்சியைக் கொட்ட மனம் வராத வீடுகளில் வளர்ந்த நாங்கள் ஆறு பேரும் அன்று அதைச் சிங்கில் கொட்டினோம். ஒரு டம்ளர் எடுத்துவைத்து, வாணலியில் சாஸோடு பாஸ்தாவைப் பிரட்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் எண்ணெயும் தக்காளியும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

சாஸில் நான் அதிகம் தலையிட மாட்டேன், கரம் மசாலா மட்டும் வேண்டாம். சிசிலியில் கத்தரிக்காயை வறுத்துத் தக்காளியோடு பாஸ்தாவில் போடுகிறார்கள், பெயர் 'அல்லா நோர்மா'. அதற்கு இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் அருமையாகப் பொருந்தியது. எண்ணெயைக் குடிக்கும் என்று பயந்து குறைத்து ஊற்றினால் காய் வேகாமல் தோல் விறைத்துப் போகும்.

மிச்சமான முட்டை பாஸ்தாவை வடகம் மாதிரி மொட்டை மாடியில் காயவைக்க யோசித்தேன். அக்கா கையைப் பிடித்துத் தடுத்தார். பச்சை முட்டை இந்தச் சூட்டில் சீக்கிரம் கெடும். ரவை தூவி, டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தேன். புதன்கிழமை இரவு, உருக விடாமல் அப்படியே கொதிநீரில் போட்டேன்.