செர்ரி ஜாம் இறுக எலுமிச்சை விதை

செர்ரி ஜாம் காய்ச்சும்போது எலுமிச்சை விதைகளைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு கிலோ செர்ரிக்கு 2 எலுமிச்சையின் விதைகளையும் தோலின் வெள்ளைப் பகுதியையும் மெல்லிய துணியில் முடிந்து, எலுமிச்சைச் சாற்றோடு செர்ரியில் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். இறக்கும் முன் முடிச்சை இரண்டு கரண்டிகளுக்கு இடையே அழுத்தினால் கொழகொழவென்று பசை வடியும். அதுதான் ஜாமை இறுகவைக்கும் பெக்டின். செர்ரியில் அது குறைவு. அதனால்தான் எவ்வளவு கிளறினாலும் ஜாம் பாகாகவே நிற்கிறது. தனியே பெக்டின் தூள் வாங்க வேண்டாம். நெடுநேரம் காய்ச்சி அந்த அழகான சிவப்பைக் கறுக்கவிடவும் வேண்டாம்.

சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் இது பலிக்காது. போதிய சர்க்கரையும் புளிப்பும் இருந்தால்தான் இந்தப் பெக்டின் இறுகும். கொய்யா, களாக்காய் ஜாமுக்கு முடிச்சே தேவையில்லை. அவற்றிலேயே தாராளமாக இருக்கிறது.