ஆர்.சி. விமானத்தின் கேனோபிக்குத் துணிச்சாயம் ஏற்றுவது எப்படி?

ஆர்.சி. விமானம் என்பது ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம்; அதன் விமானி அறையை மூடும் ஒளிபுகும் மூடிதான் கேனோபி. பாகங்களாக வாங்கிப் பொருத்தும் கிட்டில் வரும் கேனோபி பெரும்பாலும் நிறமே இல்லாத தெளிந்த பிளாஸ்டிக்காக இருக்கும். பொருத்திப் பார்த்தால் உள்ளே இருக்கும் பேட்டரி, ரிசீவர், சர்வோ வயர் எல்லாம் அப்படியே தெரியும். லேசான புகைநிறமோ இளநீலமோ ஏறிவிட்டால் இவை மறைந்து விமானத்துக்கு ஒரு களை வந்துவிடும். நிஜ விமானங்களிலும் இது உண்டு. பல கிளைடர்களின் கேனோபி இளநீலச் சாயலில் இருக்கும்; எஃப்-16இல் பொன்னிறச் சாயலைப் பார்த்திருப்பீர்கள்.

ஸ்ப்ரே அடித்தும் செய்யலாம். ஆனால் வளைவில் சீராக விழாது, நாளடைவில் கீறலும் விழும். துணிச்சாயம் என்றால் பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறங்கிவிடுவதால் உரியாது, தெளிவும் கெடாது. பிளாஸ்டிக் மூக்குக்கண்ணாடி லென்ஸுக்கு நிறம் ஏற்றுவதும் இப்படித்தான்: சூடான சாயக் கரைசலில் முக்கி எடுக்கிறார்கள்.

முதலில், உங்கள் கேனோபி எந்தப் பிளாஸ்டிக் என்று பாருங்கள்

வேக்யூம் ஃபார்மிங்கில் (சூடாக்கிய ஷீட்டை, காற்றை உறிஞ்சி அச்சின் மேல் படியவைக்கும் முறை) செய்த கேனோபி என்றால் அநேகமாக பெட்-ஜி அல்லது பியூட்டிரேட். இரண்டும் சாயத்தை நன்றாக இழுக்கும். வெட்டும்போதோ தேய்க்கும்போதோ புளித்த வெண்ணெய் மாதிரி ஒரு வாடை வந்தால் அது பியூட்டிரேட். வாடை இல்லாமல், மடித்தாலும் உடையாமல் வளைந்து கொடுத்தால் பெட்-ஜியாக இருக்க வாய்ப்பு அதிகம். மடித்ததும் படக்கென்று உடைந்தால் பாலிஸ்டைரீன். ஷோகேஸில் வைக்கும் பிளாஸ்டிக் கிட்டுகளின் கண்ணாடிப் பாகங்கள் இந்த வகைதான். அவற்றுக்கு இந்த முறை வேண்டாம். டாமியா எக்ஸ்-19 ஸ்மோக் பெயின்ட்டை மெல்லியதாக உள்பக்கம் பூசுங்கள். லெக்ஸான் எனப்படும் பாலிகார்பனேட் என்றால் டாமியா பி.எஸ்-31 ஸ்மோக் ஸ்ப்ரே இருக்கிறது, அதுவே போதும்.

சாயம்

பருத்தித் துணிக்கான சாதாரணச் சாயப்பொடி இதற்குச் சரிப்படாது. பாலியஸ்டர் துணிக்கான டிஸ்பர்ஸ் வகைச் சாயம்தான் வேண்டும். நான் பயன்படுத்துவது ரிட் பிராண்டின் டைமோர். ரிட்டிலேயே ‘ஆல் பர்ப்பஸ்’ என்று இன்னொன்று உண்டு. நைலான் ஹார்ன் (இறக்கை, வால் பலகைகளை அசைக்கும் சிறு நெம்புகோல்), சக்கரம் போன்றவற்றுக்கு அது அருமை, கேனோபிக்கு டைமோர்தான். புகைநிறத்துக்கு கிராஃபைட், நீலத்துக்கு சஃபையர் ப்ளூ. கறுப்புச் சாயத்தைக் குறைத்துப் போட்டால் புகைநிறம் வரும் என்று சிலர் சொல்வதுண்டு. அதில் கலந்திருக்கும் நிறங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் ஏறுவதால் ஊதாவாகவோ பழுப்பாகவோ முடியலாம். கிராஃபைட்டிலும் இந்தச் சாயல் எட்டிப்பார்க்கும், அதனால்தான் கீழே வெட்டுத்துண்டில் சோதிக்கச் சொல்கிறேன்.

தயாரிப்பு

ஓரத்தில் இருக்கும் உபரி விளிம்பை இப்போது வெட்டிவிடாதீர்கள். பிடிக்கவும் கம்பியில் தொங்கவிடவும் அது வேண்டும், கேனோபியின் வடிவத்தையும் அதுதான் தாங்குகிறது. மூலையில் மட்டும் சிறு துண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், அது சோதனைக்கு. பாத்திரம் கழுவும் சோப்பால் உள்ளும் புறமும் கழுவி, பிறகு கையுறை போட்டே தொடுங்கள்.

இரண்டு லிட்டர் வெந்நீருக்கு அரை பாட்டில் சாயம், சில துளி சோப்பு. கலக்கிவிட்டு மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டுங்கள். கரையாத துகள் ஒன்று ஒட்டினாலும் அந்த இடத்தில் கரும்புள்ளி விழும், பிறகு போகாது. இதற்கு எடுக்கும் பாத்திரத்தை மறுபடி சமையலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சூடு: இங்கேதான் கேனோபி பாழாகும்

சாய பாட்டிலில் கிட்டத்தட்டக் கொதிநிலை வேண்டும் என்று போட்டிருக்கும். அது துணிக்கான அறிவுரை. பெட்-ஜி ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸில் இளகிவிடும். அதற்கு முன்பே வம்பு தொடங்குகிறது. வேக்யூம் ஃபார்மிங்கில் தட்டையான ஷீட்டைச் சூடாக்கி இழுத்துத்தான் கேனோபி ஆக்குகிறார்கள். அந்த இழுவிசை உள்ளேயே தங்கியிருக்கும். மறுபடி சூடு பட்டால் ஷீட் தன் பழைய தட்டை வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். முதலில் ஓரங்கள் விரியும், அப்புறம் உச்சி தணியும். பார்வைக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. விமானத்தின் உடலில் வைத்துப் பார்த்தால்தான் இரண்டு பக்கமும் இடைவெளி விடுவது தெரியும்.

ஆகவே சாயநீர் 60 முதல் 65 டிகிரிக்குள் இருக்கட்டும். பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைக்க வேண்டாம். நீர் 60 டிகிரி காட்டினாலும் அடித்தட்டு அதைவிட மிக அதிகமாகச் சுட்டிருக்கும், கேனோபி அங்கே பட்டால் போச்சு. பெரிய பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதற்குள் சாயப் பாத்திரத்தை இறக்குங்கள். சூடு குறைந்தால் வெளிப் பாத்திரத்து நீரை மாற்றினால் போதும். சமையலுக்கு விற்கும் குச்சி வடிவ டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். கைவிரல் கணக்கெல்லாம் இதற்கு உதவாது.

நிறம் ஏறவில்லையே என்று சூட்டைக் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். நேரத்தைக் கூட்டுங்கள், இல்லையென்றால் சாயத்தைக் கூட்டுங்கள்.

முக்குதல்

1. வெட்டி வைத்த துண்டை முதலில் போட்டு, ஐந்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எவ்வளவு நேரத்தில் எந்த நிறம் வருகிறது என்று தெரிந்துவிடும்.

2. கேனோபியை வெதுவெதுப்பான வெறும் நீரில் நனைத்துவிட்டு, விளிம்பில் கம்பி கோர்த்து, பக்கவாட்டில் சாய்த்து இறக்குங்கள். கவிழ்த்து இறக்கினால் உள்ளே காற்று அடைபட்டு உச்சியில் வெளிறிய திட்டு விழும். மல்லாத்தி வைத்தால் துகள்கள் குழியில் படியும்.

3. விடாமல் மெதுவாக அசைத்துக்கொண்டே இருங்கள்.

4. எடுத்துப் பார்க்கும்போது ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடியுங்கள். கேனோபியைப் பக்கத்திலிருந்து பார்க்கையில் ஒளி இரண்டு சுவர்களைக் கடந்து வருகிறது, நிறமும் இருமடங்காகத் தெரியும். நினைத்த அடர்த்திக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். மறுபடி முக்கலாம், ஏறியதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

5. வெதுவெதுப்பான நீரில் அலசி, மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள்.

வெட்டுவது, ஃபிரேம் பெயின்ட், ஒட்டுவது எல்லாம் இதற்குப் பிறகுதான். ஒட்டுவதற்கு சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், அதன் ஆவி உள்ளே வெள்ளையாகப் படியும். கேனோபிக்கென்றே விற்கும் ஃபார்முலா 560 போன்ற பசையே எனக்குப் பிடித்தது. காய்ந்தால் தெளிவாகிவிடும்.

பிற்சேர்க்கை

குளிர்பான பாட்டிலை அச்சுக்கட்டையில் போட்டு ஹீட் கன்னால் சுருக்கிச் செய்த கேனோபிக்கு இது ஒத்துவருமா என்று கேட்டிருந்தார்கள். வரும், ஆனால் அந்த பிளாஸ்டிக் பாட்டிலாக்கும்போதே இழுக்கப்பட்டது, சூடு பட்டால் சுருங்கும். 55 டிகிரியைத் தாண்டாதீர்கள். லேசான சாயல்தான் கிடைக்கும். முடிந்தால் அச்சுக்கட்டையை எடுக்காமல் முக்கிப் பார்க்கலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் உள்பக்கம் சாயம் படாது, கட்டையும் நீர் குடித்து உப்பும்.

நிறம் திட்டுத் திட்டாக வந்தவர்களுக்கு: மாஸ்கிங் டேப்பின் பசை, விரல்ரேகை, பழைய ஸ்டிக்கர் ஒட்டியிருந்த இடம் ஆகியவற்றைப் பாருங்கள். சாயம் ஏறாத இடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சோப்பால் கழுவிவிட்டு முக்குங்கள். அசிட்டோன் கிட்டவே வரக்கூடாது.

ஏற்கெனவே ஒட்டிவிட்ட கேனோபிக்கு இந்த முறை உதவாது. கழற்ற முடிந்தால் கழற்றிச் செய்யுங்கள், முடியாவிட்டால் அடுத்த கேனோபி வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.